காரில் பிளேயர் பாட்டு சன்னமாகக் கேட்கிறதா? சத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பாருங்கள்

இயர்போனில் காதைத் துளைக்கிற பாட்டு, அதே மியூசிக் பிளேயரைக் காரில் மாட்டினால் பக்கத்துத் தெருவில் யாரோ பாடுவதுபோலக் கேட்கும். ஸ்டீரியோவின் வால்யூமைக் கடைசிவரை திருகினாலும் பாட்டோடு சேர்ந்து 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். அப்புறம் மறந்துபோய் ரேடியோவுக்கு மாற்றினால் ஸ்பீக்கர் அலறும். கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அலறல் ஆபத்தானதும்கூட.

இந்தத் தொல்லை வந்ததும் பலர் முதலில் செய்வது புது ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ வாங்குவதுதான். அவசரப்படாதீர்கள். பாட்டு ஃபைலிலிருந்து கிளம்பி பிளேயர், கேபிள், ஸ்டீரியோ என்று வரிசையாகக் கடந்து கடைசியில்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. வழியில் எங்கோ ஓரிடத்தில் சத்தம் குறைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் காசு செலவில்லாமலே சரியாகிவிடும். முன்னால் இருக்கும் இடத்தில் ஏற்றுங்கள், பின்னால் இருக்கும் இடத்தில் குறைவாகத் திருகுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாம் எளிதாகப் புரியும். சிக்னல் மெலிதாக வந்து அதைக் கடைசியில் பெருக்கினால், நடுவில் சேர்ந்த இரைச்சலும் கூடவே பெருகும். தொடக்கத்திலேயே வலுவாக அனுப்பினால் இரைச்சல் அடியில் அமுங்கிவிடும்.

ஏன் குறைகிறது?

கையடக்க பிளேயரின் ஹெட்போன் துளை, காதோரம் இருக்கும் சின்னஞ்சிறு தகட்டை அசைப்பதற்காகச் செய்யப்பட்டது. முழு வால்யூமில் வைத்தாலும் அதிலிருந்து வருவது பொதுவாக அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரைதான். சி.டி. பிளேயரின் பின்பக்க அவுட்புட்டோ 2 வோல்ட். அரை வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேட்பவர் காது கெடக்கூடாது என்பதற்காக அங்குள்ள தரநிலை, இயர்போன் இல்லாமல் தனியாக விற்கும் பிளேயரின் அவுட்புட்டை 150 மில்லிவோல்ட்டுக்குள் நிறுத்துகிறது. அப்படிப்பட்ட பிளேயரைக் காரில் மாட்டினால் இடைவெளி 22 டெசிபலைத் தாண்டிவிடும். ஒரே மாடல் பிளேயரை இருவர் வைத்திருந்தும் ஒருவர் காரில் மட்டும் சத்தம் குறைவாக இருந்தால், அது எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

ரேடியோ ஏன் மட்டும் இவ்வளவு சத்தம் என்று கேட்கலாம். நிலையத்திலேயே பாட்டின் மெல்லிய பகுதிகளைத் தூக்கி, உரத்த பகுதிகளை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துதான் அனுப்புகிறார்கள். அதனால் ரேடியோவோடு ஒப்பிடும்போது நம் பாட்டு எப்போதும் கொஞ்சம் தணிந்தே கேட்கும்.

முதலில் ஒரு சோதனை

காரை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே எதையும் திருக வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அந்த ஒன்றையே வைத்துச் சோதியுங்கள். பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் எது கூடியது, எது குறைந்தது என்று காதுக்குத் தெரியாது.

ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சன்னமாகக் கேட்டால் கோளாறு காரின் பக்கம்: ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கலாம், முன் பின் ஸ்பீக்கர்களின் பங்கை மாற்றும் ஃபேடர் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கலாம். ரேடியோ நன்றாக இருந்து பிளேயர் மட்டும் தணிந்திருந்தால், கீழே உள்ளவை உங்களுக்குத்தான்.

பிளேயரில் செய்ய வேண்டியவை

வால்யூமை முழுதாக ஏற்றுங்கள். இயர்போனுக்கு வைத்த பாதி அளவிலேயே காரில் மாட்டிவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் திருகுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. முழுதாக ஏற்றியபின் உரத்த இடங்களில் கரகரவென்று கிழிந்தால் ஓரிரு படி இறக்குங்கள். கிழியாவிட்டால் அப்படியே விடுங்கள். காரின் ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து கேபிளில் பாட்டை வாங்கும் துளை) பிளேயரிடமிருந்து மிகக் குறைந்த மின்சாரமே கேட்கும், ஆகவே இயர்போனை இயக்கும்போது திணறும் பிளேயர்கூட இங்கே திணறாது.

அடுத்து, ஒளிந்திருக்கும் வரம்புகளைத் தேடுங்கள். பல பிளேயர்களிலும் போன்களிலும் 'வால்யூம் லிமிட்' என்ற அமைப்பு இருக்கும். யாராவது எப்போதோ போட்டு வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ஐபோனில் ஹெட்போன் பாதுகாப்புப் பகுதியில் உரத்த ஒலியைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. கார் ஸ்டீரியோவை போன் ஹெட்போன் என்று தவறாக நினைத்துக்கொண்டால் அதையும் குறைத்துவிடும். ப்ளூடூத் பட்டியலில் அந்தக் காரின் பெயருக்குள் போய், சாதன வகையை 'கார் ஸ்டீரியோ' என்று மாற்றினால் சரியாகும்.

சவுண்ட் செக், ரீப்ளேகெயின் என்ற பெயர்களில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வசதிகள் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் பெரும்பாலும் உரத்த பாட்டுகளைக் கீழே இறக்கித்தான் சமன் செய்கின்றன. காரில் மட்டும் அணைத்துப் பாருங்கள். இணையப் பாட்டுச் செயலிகளில் 'வால்யூம் லெவல்' என்று ஒன்று இருந்தால் அதை 'லவுட்' என்பதில் வையுங்கள்.

பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரைப் பிளேயரில் அணைத்துவிடுங்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கும். பேஸை 6 டெசிபல் தூக்கினால் அந்த இடத்தில் சிக்னல் இரண்டு மடங்காகிறது. பிளேயரில் அதற்கு இடமில்லை. எனவே ஒன்று, பாட்டு முழுவதையும் 6 டெசிபல் இறக்கி இடம் பண்ணிக்கொள்ளும். அல்லது உச்சியில் கிழித்துவிடும். இரண்டுமே நமக்கு நஷ்டம். பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளும் பின்னும்

இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் பாதிக் கோளாறு இங்கேதான். 3.5 மி.மீ. பின் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றுவிடும். பிளேயருக்குப் போட்ட தடித்த உறை தடுக்கும், அல்லது சட்டைப் பையிலிருந்து சேர்ந்த பஞ்சு துளையின் அடியில் கெட்டிப்பட்டிருக்கும். உறையைக் கழற்றி அழுத்திப் பாருங்கள், 'க்ளிக்' என்று உட்கார வேண்டும். பஞ்சை எடுக்க பிளேயரை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியைப் பயன்படுத்துங்கள், ஊசி வேண்டாம்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் காரில் வாத்தியங்கள் எல்லாம் கேட்டன, பாடுகிறவர் குரல் மட்டும் காணோம். குகைக்குள்ளிருந்து எதிரொலி வருவதுபோல இருந்தது. ஸ்டீரியோ போய்விட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பின்னைக் கொஞ்சம் திருகியதும் குரல் திரும்பி வந்தது. இதற்கான காரணம் தெரிந்தால் நீங்களும் உடனே கண்டுகொள்வீர்கள். பின்னில் இடது, வலது இரண்டுக்கும் பொதுவாக ஒரு தரைக் கம்பி உண்டு. அது தொடாமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரல் வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும், சமமானது கழிந்து மறைந்துவிடும். ஆகவே, குரல் மங்கி வாத்தியம் மட்டும் கேட்டால் சந்தேகமே வேண்டாம், பின்னைப் பாருங்கள்.

பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்றும் எண்ணுங்கள். இரண்டு வளையம் சாதாரண ஸ்டீரியோ. மூன்று வளையம் என்றால் மைக்குக்கும் சேர்த்துச் செய்தது. சில காரின் துளைக்குள் அது சரியாக உட்காராது. காருக்கு இரண்டு வளையக் கேபிளே போதும். சில கேபிள்களுக்குள் சத்தத்தைக் குறைப்பதற்கென்றே மின்தடை வைத்திருப்பார்கள், அவை ரெக்கார்டிங் வேலைக்கானவை. வீட்டில் கிடந்த ஏதோ ஒரு கேபிள் என்றால், வேறொன்றை மாட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய வழி. தங்க முலாம் பூசிய பின் துருப் பிடிக்காது, நல்லதுதான். ஆனால் அது சத்தத்தைக் கூட்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்டீரியோவுக்குள் ஒளிந்திருக்கும் ஆக்ஸ் லெவல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பின் சத்தத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஒரு அமைப்பு பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களில் உண்டு. வால்யூம் திருகியில் அது தெரியாது, மெனுவுக்குள் இருக்கும். வருடக்கணக்கில் காரை ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 'ஆக்ஸ் லெவல்', 'இன்புட் லெவல்', 'இன்புட் கெயின்', 'வால்யூம் ஆஃப்செட்' என்ற சொற்களைத் தேடுங்கள். பயனியர் ஸ்டீரியோக்களில் எஸ்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்தில் இருக்கும். எஃப்.எம். சத்தத்தை அளவுகோலாக வைத்து மற்ற இணைப்புகளை அதற்குச் சமமாக்குவது அதன் வேலை. ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் ஆக்ஸ் சத்தத்துக்குத் தணிவு, நடுத்தரம், உரக்கம் என்று மூன்று நிலைகள் உண்டு. சில ஸ்டீரியோக்களில், ஆக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மெனுவுக்குள் போனால்தான் இந்த அமைப்பு கண்ணில் படும். ரேடியோ ஓடும்போது தேடிவிட்டு 'இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். காரோடு வந்த கையேட்டில் ஆடியோ பகுதியைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

சரி, எப்படி வைப்பது? பிளேயரை முன்பு சொன்னபடி முழு வால்யூமில் வையுங்கள். ரேடியோவை உங்களுக்கு இதமான அளவில் கேளுங்கள். திருகியைத் தொடாமல் ஆக்ஸுக்கு மாற்றுங்கள். பாட்டு தணிந்திருந்தால் ஆக்ஸ் லெவலை ஒரு படி ஏற்றுங்கள், திரும்ப ரேடியோ, திரும்ப ஆக்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும்வரை இப்படிப் போய் வாருங்கள். ஏற்றும்போது பாட்டு கிழிந்தால் அந்தப் படி அதிகம், ஒன்று இறக்குங்கள். பாட்டு ஓடாத நேரத்தில் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்டால் பிளேயரின் வால்யூம் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம், அங்கே திரும்பிப் போங்கள்.

பாட்டே தணிந்திருந்தால்

ஒரு பாட்டு உரக்க, அடுத்தது முனகலாக வந்தால் கோளாறு ஃபைலில். பழைய பதிவுகள் பல, இன்றைய பாட்டுகளைவிடத் தணிவாகவே பதிவாகியிருக்கும். எம்பி3 ஃபைல் என்றால் எம்பி3கெயின் என்ற பழைய இலவச மென்பொருள் கணினியில் இந்த வேலையை அழகாகச் செய்யும். ஒவ்வொரு ஃபைலும் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று அளந்து, 1.5 டெசிபல் படிகளாக ஏற்றும் அல்லது இறக்கும். ஃபைலுக்குள் இருக்கும் சத்த எண்ணை மட்டும் மாற்றுவதால் பாட்டின் தரம் கெடாது, வேண்டாம் என்றால் பழைய நிலைக்கும் திரும்பலாம். அதன் இயல்பான இலக்கு 89 டெசிபல். காருக்கு 92 அல்லது 93 வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேலே போனால் பல பாட்டுகள் உச்சியில் கிழிய ஆரம்பிக்கும், மென்பொருளே சிவப்பில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள். எதற்கும் ஃபைல்களின் நகல் ஒன்றைத் தனியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆல்பம் முழுவதையும் தொடர்ச்சியாகக் கேட்பவர்கள் 'ஆல்பம்' முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால், தணிவாக இருக்க வேண்டும் என்றே இசையமைத்த மெல்லிய பாட்டும் அடிதடிப் பாட்டுக்குச் சமமாக எழுந்து நிற்கும்.

ஹெட்போன் துளையைச் சுற்றிப் போகும் வழிகள்

காரில் யுஎஸ்பி துளை இருந்தால் அதுவே சிறந்தது. பிளேயரை அதில் செருகினாலோ பாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுச் செருகினாலோ, சிக்னல் எண்களாகவே ஸ்டீரியோவுக்குப் போய் அங்கேதான் ஒலியாக மாறும். பிளேயரின் வால்யூமுக்கு அங்கே வேலையே இல்லை. பென் டிரைவைக் கார் கண்டுகொள்ளாவிட்டால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள்.

30 பின் துளை கொண்ட பழைய ஐபாட் இன்னும் சிலரிடம் உண்டு. அந்த அகன்ற துளையில் லைன் அவுட் என்று தனி அவுட்புட் இருக்கிறது. வால்யூம் எங்கே இருந்தாலும் ஒரே அளவு வலுவான சிக்னல் அதிலிருந்து வரும். அதற்கான கேபிள் கிடைத்தால் ஹெட்போன் துளையை மறந்துவிடலாம். 2012இல் அதற்குப் பதிலாக வந்த லைட்னிங் துளையில் இந்த வசதி நேரடியாகக் கிடையாது.

ப்ளூடூத்தில் பாட்டு கேட்பவர்கள் இரண்டு வால்யூம் இருப்பதை நினைவில் வையுங்கள்: போனுடையது ஒன்று, காருடையது ஒன்று. போனில் பாட்டு ஓடும்போது அதை மேலே ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து குழப்பினால், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'அப்சல்யூட் வால்யூம்' என்பதை முடக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள்.

காரில் எந்தத் துளையும் இல்லை என்றால் கேசட் அடாப்டர் (கேசட் வடிவில் ஸ்டீரியோவுக்குள் போடுவது) அல்லது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் (பாட்டை ரேடியோ அலையாக ஸ்டீரியோவுக்கு அனுப்புவது)தான். இரண்டில் கேசட் அடாப்டருக்கே என் ஓட்டு. பிளேயரை நன்றாக ஏற்றி வைத்தால் தெளிவாகவே பாடும். டிரான்ஸ்மிட்டரில் முதல் வேலை, எந்த நிலையமும் இல்லாத காலி அலைவரிசை தேடுவது. அங்கே மட்டும் பிளேயரின் வால்யூமை முழுதாக வைக்காதீர்கள். முக்கால் அளவிலிருந்து தொடங்கி, கிழியும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

இன்னும் போதாவிட்டால்: நடுவில் ஒரு சின்ன ஆம்ப்

இவ்வளவும் செய்தும் சன்னமாகவே இருந்தால், கையடக்க ஹெட்போன் ஆம்ப் ஒன்றைப் பிளேயருக்கும் ஆக்ஸ் துளைக்கும் நடுவே வைக்கலாம். தீப்பெட்டி அளவில்கூட வருகிறது. 150 மில்லிவோல்ட் கட்டுப்பாட்டில் சிக்கிய பிளேயருக்கு இதுதான் உண்மையான மருந்து. 6 முதல் 12 டெசிபல் வரை கூட்டித் தருவது போதும். சொந்த பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஆம்பின் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு மாட்டி, மெல்ல ஏற்றுங்கள்.

சொந்த பேட்டரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிளேயரையோ ஆம்பையோ காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸிலும் மாட்டினால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு 'ஙொய்' சத்தம் சேர்ந்துவிடலாம். இரண்டு தரைக் கம்பிகள் சேர்ந்து ஒரு வளையம் உண்டாவதால் வருவது அது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் காரணம் உறுதி. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன பெட்டியை ஆக்ஸ் கேபிளின் நடுவில் போட்டால் அடங்கிவிடும்.

ஸ்பீக்கருக்கான பெரிய ஆம்ப் வேறு விஷயம். ரேடியோவே உங்களுக்குப் போதவில்லை என்றால்தான் அது வேண்டும். ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட்ஸ் நான்கு' என்று போட்டிருந்தாலும், எஞ்சின் ஓடும்போது காரில் கிடைக்கும் 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கொடுக்க முடிவது ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 வாட்ஸ்தான். அதை 40 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல். ஆக்ஸ் லெவலில் இரண்டு படி ஏற்றியதைவிட அது குறைவாகக்கூட இருக்கலாம்.

எவ்வளவு போதும்?

நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றின் சத்தமே பாட்டை விழுங்கிவிடும். ஜன்னலை ஏற்றிவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள், வால்யூமைக் குறைக்கத்தான் தோன்றும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி கேட்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். இரண்டும் முடிந்தால் அளவு சரி.

பாட்டை நிறுத்தும்போது ஒரு வரிசை பழகிக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டீரியோவின் திருகியை இறக்குங்கள், அப்புறம் பின்னைப் பிடுங்குங்கள், அதன் பிறகு ரேடியோவுக்கு மாற்றுங்கள். வால்யூம் உச்சியில் இருக்கும்போது பின்னைப் பிடுங்கினால் 'டப்' என்று ஸ்பீக்கர் அடிபடும். இயர்போனை மறுபடி காதில் வைப்பதற்கு முன் பிளேயரின் வால்யூமையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள், காருக்காக ஏற்றி வைத்த முழு வால்யூம் அதில் அப்படியே இருக்கும்.